கவிழாத படகு

லிஃப்ட் பரிசோதகருக்கு எதையும் சும்மா நம்பும் வழக்கம் கிடையாது. எட்டுப் பேர் ஏறலாம் என்று பலகை சொன்னால், மணல் மூட்டைகளை அடுக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அப்படிப்பட்டவரிடம் போய் அவருடைய பன்னிரண்டு வயது மகள், விடுமுறையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு வந்த ஜோரில், "நமக்குன்னு ஒரு சின்னப் படகு வாங்கலாம்ப்பா" என்றாள்.

"வாங்கலாம்" என்றார் அவர். "ஆனா அம்மாவுக்குத் தண்ணின்னா பயம். அதனால கவிழாத படகா பாக்கணும்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், மறுபடி வெங்காயத்துக்கே திரும்பிவிட்டாள்.

எட்டு மாதம் தேடினார். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். இவர் வாங்குவதற்கு முன்பே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். அடியில் ஈயம் வைத்த கனமான படகு கவிழாது, ஆனால் டிரெய்லரில் ஏற்றி இழுக்க அவர் கார் தாங்காது. கார் தாங்குகிற லேசான படகோ, ஒருத்தர் ஓரமாக நகர்ந்தாலே சாயும். நல்ல அகலமாக ஒன்று கிடைத்தது. அது அவர்கள் தெருமுனையில் திரும்பாது.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி மாப்பிள்ளை?" என்றார் கூடவே இருந்த மாமனார். பாரம் கணக்கிட வேண்டும் என்று குடும்பத்தையே தராசில் ஏற்றியபோது அவர் மட்டும் ஏற மறுத்தார். "என் எடையை நான் டாக்டர்கிட்டயே சொன்னதில்ல." குத்துமதிப்பாக எண்பது கிலோ என்று எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையில் பட்டறை வைத்திருந்த படகு செய்யும் பெண்ணிடம் எல்லோரும் போனார்கள். அவள் இரண்டு படகுகளைத் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தாள். பரிசோதகர் காரின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் கேன்களை இறக்கினார். நான்கு பேர் எடைக்குச் சமமாக நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றையும் கனமான படகின் ஒரே ஓரத்தில் அடுக்கினார்.

"நாலு பேரும் ஒரே பக்கம் ஏன் உக்காரப் போறீங்க?" என்றாள் அவள்.

"உக்கார மாட்டோம். உக்காந்தா என்ன ஆகும்னு பாக்கணும்ல?"

படகு லேசாகச் சாய்ந்து, அப்படியே நின்றது. "இதுதான்" என்றார் அவர்.

"நல்ல படகுதான் சார். ஆனா இத இழுக்க உங்க கார் பத்தாது. காத்து கொஞ்சம் கொறஞ்சா நகரவும் நகராது. நீங்க சாயாத படகு கேட்டீங்க. ஓடுற படகு கேக்கவே இல்லையே."

அடுத்து லேசான படகில் கேன்களை அடுக்கினார். ஏழாவது கேனுக்கு அது ஒரு சலாம் போட்டுவிட்டுக் குப்புறக் கவிழ்ந்தது. கேன்கள் ஏரியில் மிதந்தன. அவர் முகத்தில் துக்கமும், தான் நினைத்தது சரிதான் என்ற திருப்தியும் சேர்ந்தே தெரிந்தன. அந்தப் பெண் பதறாமல் இறங்கினாள். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகையின் மேல் ஏறி நின்று பின்னால் சாய்ந்தாள். படகு தண்ணீரை உதறிக்கொண்டு நிமிர்ந்தது.

"அவ்வளவுதான் சார். யார் பண்ணிப் பாக்கறீங்க?"

மனைவி கூந்தலை முடிந்துகொண்டு லைஃப் ஜாக்கெட்டை எடுத்தாள்.

"உனக்குத்தான் பயமாச்சே" என்றார் அவர்.

"நான் ஸ்கூல்ல நீச்சல் டீம்ல இருந்தேங்க."

"கப்பு வாங்கினாளே மாப்பிள்ளை. உங்க வீட்டு அலமாரியிலதான இருக்கு?" என்றார் மாமனார்.

இருக்கத்தான் இருந்தது. பதினான்கு வருஷமாக அதில் பேனா போட்டு வைத்தவரே அவர்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

"அப்புறம் ஏன் பயம்னு சொன்ன?"

மனைவி ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டினாள். "கல்யாணமான புதுசுல பெடல் படகுக்கு டிக்கெட் எடுக்க நின்னோமே. உங்க கை ஜில்லுனு ஆயிடுச்சு, மூஞ்சி வெளுத்துப்போச்சு. அதான் எனக்குப் பயமா இருக்கு, போயிடலாம்னு சொன்னேன்."

"உண்மையச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வீம்புக்கு ஏறியிருப்பீங்க."

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் வீட்டுக்காரிக்குத் தண்ணி ஆகாது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாரே. ஆனால் அன்றைக்கு அந்த வரிசையை விட்டு வெளியே வந்தபோது மூச்சு எவ்வளவு லேசாக வந்தது என்பதும் ஞாபகம் இருந்தது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அம்மாவும் மகளும் வேண்டுமென்றே இரண்டு முறை கவிழ்ந்தார்கள், இரண்டு முறையும் நிமிர்ந்தார்கள். சிரிப்புச் சத்தம் கரை வரைக்கும் கேட்டது. அவர் கணுக்கால் தண்ணீரில் நின்று கேன்களைப் பொறுக்கினார்.

லேசான படகையே வாங்கினார்கள். டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி, சரிவில் இறக்குவது அவர் பொறுப்பு. இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்கிற அந்தக் கோணல் வேலையை ஆபீஸ் பின்புறக் காலி மைதானத்தில் ஒரு மாதம் பழகினார். இப்போது ஏரிக்கரையில் யாருடைய டிரெய்லர் கோணிக்கொண்டு நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். படகு கிளம்பியதும் ஃபிளாஸ்க்கோடு கரையில் உட்கார்ந்துவிடுவார். அவர் இடத்தில் மாமனார் காலை நீட்டிக்கொண்டு போய்வருவார்.

போன வாரம் காற்றே இல்லாத ஒரு காலையில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பரிசோதகரே வந்து படகில் ஏறினார். மகள் கயிற்றை அவிழ்த்தாள். படகு கரையை விட்டு நாலு முழம் நகர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"காத்து வரட்டும்ப்பா, போலாம்" என்றாள் மகள்.

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார் அவர், மனைவியின் கையை விடாமல்.