இடது குதிகால்

கண்ணை மூடிப் படுத்திருந்தவளின் இடது பாதத்தில் பிசியோதெரபிக்காரப் பெண் எதையோ வைத்தாள்.

"சூடா இருக்காக்கா, ஜில்லுனு இருக்கா?"

"சூடு," என்றாள் பட்டென்று.

பதினோரு மாதமாகக் குதிகால் அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. நாள் முழுக்க நின்று வீட்டு வீட்டுத் துணிக்கு இஸ்திரி போடுகிறவளுக்குக் கால் போனால் பிழைப்பே போச்சு. ஓரகத்தியின் முழங்காலை அல்ட்ராசவுண்டு மெஷின்தான் சரிபண்ணியது என்று கேள்விப்பட்டதிலிருந்து, தனக்கும் அதை வைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள், வலிக்காத காலில். வந்தால், மெஷினுக்கு முன்னால் பரீட்சையாம். இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் வெந்நீர், மற்றதில் ஐஸ் தண்ணீர். பாதத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காது இருக்கிறதே! ஐஸ் குழாய் எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தது. எடுக்கும்போது 'டிங்' என்றால் ஐஸ், சத்தமில்லையென்றால் சூடு.

டிங். "இப்போ?"

"ஜில்லுனு இருக்கு."

சத்தமில்லை. "இப்போ?"

"சூடும்மா. இருபது வருஷமா சூட்டோடதான் குடித்தனம், எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். குழாய்கள் மேசைமேல் இருந்தன. அந்தப் பெண்ணின் கைகள் மடிமேல் இருந்தன.

"இப்போ நான் எதையுமே வைக்கலக்கா."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என் ஓரகத்திக்கு மட்டும் வச்சீங்க?"

"அவங்களுக்கு உணர்ச்சி இருந்துச்சு. மெஷின்ல சூடு அதிகமானா கத்திடுவாங்க. உங்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. வலி உள்ள இருக்கு, மேல மரத்துப்போச்சு. இந்த மெஷின் உங்களுக்கு வேணாம்க்கா. சுகர் இருந்தாலும் இப்படி மரத்துப்போகும், இன்னைக்கே கீழ் மாடியில பாத்துடுங்க. அப்புறம் தினம் படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலை இறக்கி ஏத்துங்க, பத்துப் பத்தா. மூணு மாசம் ஆகும்."

"சரியாயிடுமா?"

"நிறைய பேருக்கு ஆயிருக்கு. சத்தியம் பண்ண மாட்டேன்."

வெளியே வந்து செருப்பை மாட்டப் போனவள் அப்படியே நின்றாள். இடது செருப்பின் விரல் பக்கத்தில் ஒரு சட்டைப் பொத்தான். எந்த வீட்டுச் சட்டையோ, எத்தனை நாளோ, ரப்பரில் அதன் அளவுக்குக் குழியே விழுந்திருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தாள். வலிக்குக்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

சுகர் பார்க்கக் கீழே இறங்கினாள். இரண்டாவது படியிலேயே திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகால்களை விளிம்புக்கு வெளியே இறக்கினாள். உயிர் போகிற மாதிரி வலித்தது. ஏற்றினாள். மறுபடி இறக்கினாள்.

"வழி விடும்மா," என்றார் கீழிருந்து ஏறி வந்தவர்.

"ஓரமா போங்க சார். இன்னும் எட்டு இருக்கு."