அருவித் தண்ணீரும் புல்வண்டியும்

மூன்றாவது முறையாக நாச்சியார் வாசலுக்கு வந்து கேட்டை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பந்தலில் நாற்காலி போட்டு இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் புருஷனைப் பறிகொடுத்தவள் ஐஸ் பெட்டிப் பக்கம் உட்காராமல் கேட்டையே பார்த்தால் யாருக்குத்தான் உறுத்தாது? பிள்ளை குட்டி கிடையாது. வரவேண்டிய ஒரே கொழுந்தன் குற்றாலிங்கம் எட்டு மணிக்கே வாசுதேவநல்லூரிலிருந்து வந்து, கொள்ளி வைக்கப்போகிற மிடுக்கில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

“மதினி, மணி ரெண்டாவுது. குளிப்பாட்டிருவமா?”

“அருவித் தண்ணி வரட்டும்.”

குற்றாலத்து அருவித் தண்ணீரில் குளிப்பாட்டித்தான் அவரை அனுப்ப வேண்டும், அது அவருடைய கடைசி ஆசை என்று நாச்சியார் விடிந்ததுமே சொல்லிவிட்டாள். கேட்ட பெண்கள் உருகிப்போனார்கள். தென்காசியில் எழுபத்தோரு வருஷம் இருந்தும், கூட்டம் ஆகாது என்று நம்பிராஜன் அருவிப் பக்கமே தலைகாட்டாதவர். அது ஒருத்தருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்தாலும், சாவு வீட்டில் கடைசி ஆசையைக் குறுக்குக் கேள்வி கேட்கிற ஆள் நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

தண்ணீர் கொண்டுவருகிற மாரிராஜ், குற்றாலம் ரோட்டில் நர்சரி வைத்திருப்பவன். அவன் வண்டி சீசன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. தண்ணீர்க் கேனோடு அதில் வேறு என்ன வருகிறது என்று தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர்: நாச்சியாரும், அடுத்த வீட்டு ஹைருன் பீவியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த வாசலில் புல் இருந்தது. நாச்சியார் போட்டு வளர்த்தது. சாயங்காலமானால் ஹைருனும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் அதில் காலை நீட்டி உட்கார்ந்து ஊரையே அலசிக் காயப்போடுவார்கள். நம்பிராஜனுக்கு அந்தச் சிரிப்பு ஆகாது. பெண்டாட்டி புளியங்குடிக்குக் கல்யாணத்துக்குப் போன இரண்டு நாளில் புல்லைக் கொத்தி எறிந்துவிட்டு, ஒரு லாரி ஜல்லியைக் கொட்டி நிரப்பிவிட்டார். அதற்குமேல் யார் கால் வைத்தாலும் சரக் சரக்கென்று கேட்கும். உடனே உள்ளேயிருந்து, “யாரது?” பெண்கள் வருவது நின்றது. நாச்சியார் பூ வாங்க இறங்கினாலும், “எங்கட்டி போற?”

புளியங்குடியிலிருந்து திரும்பிய அன்றைக்கு அவள் ஒன்றுதான் கேட்டாள். குற்றாலிங்கமும் கூட இருந்தார்.

“திரும்பவும் புல்லு போட்டுக்கிடட்டுமா?”

“எம் பொணம் இந்த வாசலத் தாண்டட்டும். பெறவு போட்டு நீயே மேஞ்சுக்கோ.”

குற்றாலிங்கம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நாச்சியார் அதன்பின் புல் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இந்த வைகாசியில் நம்பிராஜன் படுக்கையில் விழுந்தார். சக்கர நாற்காலி ஓட வழி வேண்டும் என்று ஊருக்கு ஒரு காரணம் சொல்லி, மாத்திரையில் அவர் அசந்து கிடக்கும் மதியங்களில் நாச்சியார் மாரிராஜை வைத்து ஜல்லியை அள்ளி, ஹைருன் வீட்டுக் கொல்லைக்குக் கடத்தினாள்.

“ஏட்டி, ஒருத்தரும் வரலையா? வாசல்ல சத்தத்தையே காணுமே.”

“எல்லாரும் வந்துட்டுதான் போறாங்க. ஒங்க காதுதான் போயிட்டு.”

அதையும் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். அவர் “என்னது?” என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே. கேட்டார். கடைசிப் பத்து நாள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்துக்கிடந்தார்.

மூன்றேகாலுக்கு வண்டி வந்தது. முதலில் தண்ணீர்க் கேன் இறங்கியது. பின்னாலேயே, பாய் போலச் சுருட்டிய புல் கட்டுக் கட்டாக இறங்கியது.

“யக்கா, படிலேருந்து கேட்டு வரைக்கும் மொதல்ல விரிச்சிரவா?” என்றான் மாரிராஜ்.

குற்றாலிங்கம் குறுக்கே வந்து நின்றார். “ஏலே, நிறுத்து. மதினி, அண்ணன் சொன்னது மறந்துட்டா?”

“தூக்குதவங்க செருப்பு போடாமத்தான வருவாங்க, கொழுந்தனாரே. வெறும் செம்மண்ணு. சாரலு வேற விடாமத் தூறுது. ஒருத்தன் சறுக்குனாம்னா ஒங்க அண்ணன் சேத்துல கெடப்பாவ. பரவால்லன்னா சொல்லுங்க, வண்டியத் திருப்பிருதேன்.”

தோள் கொடுக்க வந்திருந்த நாலு பேரும் தங்கள் கால்களைக் குனிந்து பார்த்தார்கள்.

“அக்கா சொல்லுதது சரிதான், அண்ணாச்சி” என்றார் அதில் ஒருவர்.

“புருசன் மேல என்ன ஒரு பாசம், பாரேன்” என்று பந்தலில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹைருன் முக்காட்டை இழுத்து வாயை மறைத்தாள்.

நாலே முக்காலுக்குச் சங்கு ஊதினார்கள். அருவித் தண்ணீரில் குளித்த நம்பிராஜனை எட்டுக் கால்கள் தூக்கிப் போயின. பெண்கள் கதறினார்கள். நாச்சியார் படியில் நின்று தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புல்லுக்கு மேல் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் வீடு கழுவியாயிற்று. மாரிராஜ் மிச்ச வாசலையும் விரித்து முடித்திருந்தான். கொள்ளி வைத்து வந்த கையோடு வீட்டுப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, செத்தவராக நினைத்துப் பதினாறு நாளும் அதற்கு எண்ணெயும் தண்ணீரும் விடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். குற்றாலிங்கம் ஈர வேட்டியோடு வாசலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“பாத்தியளா மதினி? ஒரு லாரிக் கல்லு கெடந்த எடத்துல, அண்ணனுக்கு நட ஒரு கல்லு இல்ல.”

“எங்க கொல்லையில…” என்று தொடங்கிய ஹைருன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாச்சியார் படியிறங்கினாள். செருப்பில்லாமல் அந்த வாசலில் அவள் கால் பட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. ஈரப் புல் சில்லென்றிருந்தது. நாலாவது எட்டில் குதிகாலில் எதுவோ சுருக்கென்று குத்தியது. அப்படியே நின்றாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புல்லின் ஓரத்தைத் தூக்கி விரலை விட்டுத் தோண்டினாள். ஒரே ஒரு ஜல்லி. முந்தானையில் மண்ணைத் துடைத்துக் கொழுந்தன் கையில் வைத்தாள்.

“பதினாறு நாளு கழிச்சு ஆத்துல போட்டுருவீங்கல்லா?”

அவர் கல்லோடு போனார். நாச்சியார் தூக்கிய புல்லைக் கீழே படியவைத்து, வெட்டு விளிம்பு தெரியாதபடி உள்ளங்கையால் அழுத்தினாள். அது படிந்துவிட்டது. கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.