வரிசையில் நின்ற செருப்பு

யூரியா வாங்க நிலம் நேரில் வரவேண்டும் என்று கார்த்திகை முதல் தேதி கூட்டுறவுச் சங்கத்துப் பலகையில் எழுதிப் போட்டார்கள். நிலமே இல்லாத சிலர் மூட்டை மூட்டையாக வாங்கிப் போய்விட்டதால் இந்த ஏற்பாடு. சிட்டா நகல், அடங்கல், ஆதார் எதுவும் இனிச் செல்லாது. ஒரு நிலத்துக்கு ஒரு மூட்டை.

தங்கையனுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம், வாய்க்கால் முடிகிற இடத்தில். சம்பா நட்டு முப்பது நாள் ஆகியிருந்தது. முதல் மேலுரம் போடவேண்டிய நாள் உரம் இல்லாமலே கழிந்துவிட்டது. இன்னும் பத்து நாளைக்குள் ஒரு மூட்டை கிடைக்காவிட்டால் கதிர் வரும், உள்ளே மணி இருக்காது. விதை, உழவு, நடவுக்கூலி எல்லாமே போன வருஷத்தைவிட ஏறிக் கிடந்தன. வீட்டில் அரிசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குறைத்துத்தான் அவரும் மனைவி பாக்கியமும் நட்டிருந்தார்கள். இந்தப் பயிர் பதராகப் போனால் அரிசியையும் குறைக்க வேண்டியதுதான்.

தண்ணீரை வடித்துவிட்டு இருவரும் வயலைச் சுருட்டினார்கள். தண்ணீர் வடிகிற கடைமடையில் பிடித்து, தண்ணீர் நுழைகிற வாய்மடை வரை பாய் மாதிரிச் சுருட்டி, வரப்பைக் கடைசியாக மேலே மடித்துவிட வேண்டும். நத்தைகள் தானாக உள்ளே போய்விட்டன. இரண்டு நண்டுகளைப் பாக்கியம் ஒதுக்கி உட்கார வைத்தாள். கட்டுவதற்குத்தான் கயிறு இல்லை. ஊரெல்லாம் வயல் கட்டிக்கொண்டிருந்ததால் கயிற்றுக்கும் தட்டுப்பாடு வந்து, விலை இரண்டு மடங்காகி, கயிறு வாங்கவும் நிலம் நேரில் வரவேண்டும் என்று கடைக்காரரும் பலகை வைத்துவிட்டார். பாக்கியம் உள்ளே போய்த் தன் பழைய சேலைகளில் மூன்றை முறுக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒன்று தலைத்தீபாவளிக்கு எடுத்தது. தங்கையன் அதைக் கவனித்தார், மற்ற இரண்டும் போதாதபோதுதான் அதை எடுத்துக் கட்டினார்.

டீசல் விலையில் வண்டிக்காரர் கேட்ட வாடகை கட்டுப்படியாகவில்லை. முன்னால் அவரும் பின்னால் அவளுமாகத் தோளில் வைத்துச் சுமந்தார்கள். வயலில் வழக்கமாக மேய்கிற கொக்கு பின்னாலேயே நடந்து வந்தது. சங்கத்து வரிசையில் இறக்கி வைத்ததும் பாக்கியம் உடனே திரும்பினாள். வயல் இருந்த இடம் காலியாகக் கிடந்தால் வேறு யாராவது தங்கள் வயலைக் கொண்டுவந்து விரித்துவிடுவார்கள்.

"நான் எடத்தப் பாத்துக்கிறேன். நீங்க பயிரப் பாத்துக்குங்க" என்றாள்.

வரிசை ரேஷன் கடையைத் தாண்டிப் பாலம் வரை போயிருந்தது. சுருட்டிய வயல்கள் வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் தன் வயலை யாரும் மாற்றி எடுப்பதில்லை. தங்கையனுக்குப் பின்னால் அந்தோணிமுத்து என்பவர் நின்றார். கடலோர ஊர்க்காரர். அவருடைய வயலில் உப்பு வாடை அடித்தது, அதற்காக அவர் சுற்றி நின்றவர்களிடம் ஒருமுறை வருத்தம் தெரிவித்துக்கொண்டார்.

மூன்று நாள் உர லாரி வரவில்லை. செயலர் ஞானசேகரன் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வெளியே வந்து, "நாளைக்கு வந்துரும்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாவம், அவரும் அதை நம்பித்தான் சொன்னார். வயல்காரர்கள் டீக்கடையில் தண்ணீர் வாங்கிச் சுருளின் இரண்டு பக்கமும் ஊற்றினார்கள். டீக்கடைக்காரர் முதல் நாள் சும்மா கொடுத்தார், இரண்டாம் நாள் முகத்தைச் சுளித்தார், மூன்றாம் நாள் தண்ணீருக்கு விலை எழுதிப் பலகை வைத்தார்.

நான்காம் நாள் வெயில் அடித்தது. கார்த்திகையில் அப்படி அடிக்கக்கூடாது. சுருளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பயிர்த் தாள்களின் நுனி மஞ்சளாகி, மதியத்துக்குள் சுருண்டது. தங்கையன் துண்டால் மூடிப் பார்த்தார். மூன்று மாவுக்கு ஒரு துண்டு எந்த மூலைக்கு? உள்ளே கைவிட்டுப் பார்த்தார். மண் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சூடாக இருந்தது.

"ஆத்தோரம் பூவரசு நிக்குது. செத்த நேரம் நெழல்ல போட்டுத் தண்ணி காட்டிட்டு வந்துருவமா?" என்று அந்தோணிமுத்துவிடம் கேட்டார்.

"எடம் போயிருமேண்ணே."

"செருப்ப விட்டுட்டுப் போறேன்."

இதில் யாரும் குறை சொல்ல முடியாது. ரேஷன் கடையிலும் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் செருப்பை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் டீ குடிக்கப் போகிறார்கள். செருப்பு நிற்கிற இடத்தில் ஆள் நிற்பதாக அர்த்தம். தங்கையன் இரண்டையும் கழற்றி, முன்பக்கம் பார்க்கச் சேர்த்து வைத்தார். இடது செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. அந்தோணிமுத்து ஒரு கை கொடுக்க, வயலை ஆற்றங்கரைக்குத் தூக்கிப்போய் நிழலில் பாதி விரித்தார்கள். அந்தோணிமுத்து தன் வயலிடம் திரும்பிவிட்டார். தங்கையன் தண்ணீர் மொண்டு ஊற்றினார். பயிர் மெல்ல நிமிர்ந்தது. அதைப் பார்த்ததில் வந்த நிம்மதியிலேயே, நான்கு நாள் அலுப்பும் சேர்ந்துகொள்ள, வரப்பில் தலை வைத்துத் தூங்கிப்போனார்.

அவர் எழுந்து, வழியில் போன ஒருவரைப் பின்னால் பிடிக்கச் சொல்லி வயலைச் சுமந்துகொண்டு வந்தபோது லாரி வந்து போயிருந்தது.

"ஒங்க செருப்புக்கு ஒரு மூட்ட எழுதியாச்சு" என்றார் ஞானசேகரன்.

"நெலம் இந்தா இருக்குங்க."

"வரிசையில நிக்கலயேண்ணே. வரிசையில யாரு நின்னாங்களோ அவங்களுக்குத்தான் குடுக்க முடியும். ரேகையும் விழுந்துருச்சு."

தங்கையனின் கட்டைவிரலைச் சங்கத்து ரேகை இயந்திரம் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. முப்பது வருஷம் மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை ஏது. ஆனால் செருப்பில் கட்டைவிரல் பதிந்த பள்ளம் தெளிவாக இருந்ததால் முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்துவிட்டதாம். மூட்டையின் மேல் செருப்பின் பெயரில் சீட்டு ஒட்டியிருந்தது. அதுதான் கடைசி மூட்டை. அந்தோணிமுத்து தன் உப்பு வயலின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க செருப்பாவது வாங்கிச்சேண்ணே" என்றார். அவர் குத்திப் பேசவில்லை, ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

பாக்கியத்துக்கு ஆள் அனுப்பி வரவழைத்து வயலைக் கொண்டுபோய் விரித்தார்கள். இடத்தை அவள் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தாள். உரம் செருப்புகளின் பெயரில் இருந்ததால் அவற்றை வயலின் வடகிழக்கு மூலையான சனிமூலையில் நட்டார்கள். எதை நட்டாலும் சனிமூலையில் தொடங்குவதுதான் வழக்கம்.

"ரெண்டு கை பயிருக்கும் தூவுங்க. எந்தச் செருப்பு போயி சங்கத்துல சொல்லப்போவுது?" என்றாள் பாக்கியம்.

அவர் தூவினார். யூரியா பயிரின் தூரில் விழுந்தது, கொஞ்சம் தயங்கியது, பிறகு ஒவ்வொரு மணியாகத் தண்ணீரில் உருண்டு சனிமூலைக்குப் போய்ச் சேர்ந்தது. வயலின் மறுகோடியில் நின்று தூவினார். அதுவும் போய்ச் சேர்ந்தது. சீட்டில் யார் பெயரோ அவருக்குத்தானே. பாக்கியம் வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தங்கையனுக்கும் அழுகை வந்தது. ஆனால் மூட்டையில் பாதி இன்னும் இருந்தது, ஈரம் பட்டால் கரைந்துவிடும் என்பதால் அதையும் போட்டு முடித்தார்.

பத்து நாளும் போயின. பயிர் மஞ்சளாகவே நின்றது. செருப்புகள் தூர் கட்டிப் பெருகின. முதலில் இடது, அதற்கு நான்கு நாள் கழித்து வலது. மார்கழியில் இரண்டும் கரும்பச்சையாகி, கொக்கு அந்தப் பக்கமாகவே மேய ஆரம்பித்தது. தங்கையன் தினமும் போய்ப் பார்த்தார். நன்றாக வளர்கிற ஒன்றை வெறுக்க அவருக்குத் தெரியவில்லை. களை கூடப் பிடுங்கிவிட்டார்.

தை கடைசியில் அறுத்தார்கள். நெல்லைத் தூற்றியபோது எல்லாம் காற்றோடு போய்விட்டது, முறத்தில் தங்கியது ஒரு வேளைக் கஞ்சிக்குக் காணாது. பாக்கியம் அதைத் தனியாக முடிந்துகொண்டாள். சனிமூலையில் அறுபத்தோரு ஜோடி விளைந்திருந்தன. இடது செருப்புகளில் எல்லாம் ஊக்கு இருந்தது.

சாக்கில் கட்டிக் கொள்முதல் நிலையத்துக்குச் சுமந்து போனார்கள். அங்கும் வரிசைதான். எட்டாம் நாள் முறை வந்தது. எடைபோடுகிறவர் ஒரு செருப்பை எடுத்து, குதிகாலில் கருவியைக் குத்திப் பார்த்தார்.

"ஈரப்பதம் இருபத்திரெண்டு இருக்கு. பதினேழுக்கு வந்தாத்தான் எடுப்போம். காய வச்சு எடுத்துட்டு வாங்க."

"சரிங்க" என்றார் தங்கையன். சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "ஒரு ஜோடிய மட்டும் போட்டுக்கலாங்களா?" என்று கேட்டார்.

"காயிற வரைக்கும் கால்ல போடாதிய. வேர்வ ஏறும்."

அது நியாயமாகத்தான் பட்டது. மெயின்ரோட்டில் ஒரு பக்கமாகக் கல் வைத்து மறித்து, செருப்புகளைச் சீராகப் பரப்பினார்கள். பேருந்துகள் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போயின. மாசி வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பாக்கியம் ஒரு கோடியில் குடை பிடித்து உட்கார்ந்தாள். தங்கையன் மறுகோடியிலிருந்து வெறுங்காலோடு தாரில் நடந்து, அடிப்பக்கமும் காயட்டும் என்று செருப்புகளைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே வந்தார்.