இன்னும் கொஞ்சம் சாம்பிராணி

பிள்ளை பெற்ற பொன்மணிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். யாரும் பேசாத கொஞ்ச நேரம்.

ஊரூர் குப்பத்தில் அது எளிதில் கிடைப்பதில்லை. சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி வழிவிட வேண்டும். பொன்மணி வீட்டுப் படி ஏறியவர்கள் அப்படியே உள்ளேயும் வந்தார்கள். எல்லோர் கையிலும் தாய்ப்பால் ஊறச் சுறாப் புட்டு, வாயில் ஒரு யோசனை. ஒருத்தி தண்ணீரே குடிக்காதே என்றாள். அவள் எழுந்து போனதும் அடுத்தவள் குடம் குடமாகக் குடிக்கச் சொன்னாள். வயிற்றில் சுற்றிய பழைய புடவையை ஒருத்தி இறுக்கினாள், இன்னொருத்தி தளர்த்தினாள்.

குளிர் ஏறக்கூடாது என்று அம்மா தேவானை காதில் பஞ்சு அடைத்தபோது பொன்மணிக்கு நம்பிக்கை வந்தது. அது நிலைக்கவில்லை. காதுதான் அடைத்திருக்கிறதே என்று எல்லோரும் கத்திப் பேச ஆரம்பித்தார்கள்.

தலைக்கு ஊற்றிய நாளில்தான் வழி பிறந்தது. வெந்நீரை இடுப்பில் அடித்து ஊற்றிய பிறகு, தேவானை அவளை உள்ளறையில் உட்காரவைத்து, ஈரக் கூந்தலுக்குக் கீழே சாம்பிராணித் தணலை வைத்தாள். குழந்தைக்குப் புகை ஆகாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் அதை வெளி அறைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து தன் சிசேரியன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மணிமொழி இருமினாள். டாக்டர் கத்தியை எடுத்த இடத்தில் கதையை விட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

பொன்மணி கண்ணை மூடினாள். கூந்தல் கதகதப்பாக இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு முதல்முறையாகக் கடல் சத்தம் கேட்டது. அது இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

மறுநாள் வாசலில் செருப்புக் கழற்றும் ஓசை கேட்டதும் சொன்னாள்: "எம்மா, தலை இன்னும் ஈரமா கீற மாரியே கீது. கொஞ்சம் சாம்பிராணி போடேன்."

மகளுக்கு இவ்வளவு பொறுப்பு வந்துவிட்டதே என்று தேவானை தெருவெல்லாம் பெருமை பேசினாள். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் பார்க்க வந்தார்கள். புகையையும் கூட்ட வேண்டியதாயிற்று.

ஒருநாள் புகைக்குள் ஆண் இருமல் கேட்டது. கணவன் தமிழ்மாறன் மூலையில் குந்தியிருந்தான்.

"நீ இன்னாய்யா பண்ற இங்க?"

"பெரிம்மா வந்துகீது. புள்ள மூக்கு யார் மாரின்னு கேட்டுக்கினே கீது."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தாள். பை பெரியதாக இருந்தது. உடனே போகிற பை இல்லை. பொன்மணி புகை கேட்டு உள்ளே அடைந்துகொண்டாள். வெளியே இரண்டு அம்மாக்களின் குரல். பிறகு ஒரு குரல் மட்டும். கதவு திறந்தது. தேவானை வந்து தாழ்ப்பாள் போட்டாள்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது, இனி இந்த அறையிலும் பேச்சுதான் என்று பொன்மணி நினைத்தாள்.

"உன் மாமியா எனக்கு மீன் கழுவ சொல்லித்தருது," என்றாள் தேவானை. "கொஞ்சம் நவுந்து குந்து."

பொன்மணி நகர்ந்து இடம் கொடுத்தாள். தன் ஒரு காதிலிருந்த பஞ்சை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். தேவானை அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, தணலில் இன்னொரு பிடி தூவினாள்.