பொய்ச் சத்தியம்

மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, கட்டித்தரும் அந்தக் கடையில் வேலை பார்த்தது இரண்டே பேர்தான். ஆனால் கடவுளும் சம்பளமில்லாமல் அங்கேயே கிடக்கிறார் என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். காலையில் கடை திறந்ததும் தொடங்கும் வாக்குவாதம் சாயங்காலம் விளக்குப் போடும்வரை ஓயாது. ‘இருக்கிறார்’ கட்சி மாமா. ‘இல்லை’ கட்சி அவர் மனைவியின் தம்பி. எதைச் சொன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் அவனுக்குத் தெருவே வக்கீல் என்று பெயர் வைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று இருந்துவிடுவான்.

எரிந்துபோன மோட்டார்கள் வரும். கருகிய கம்பியைப் பிடுங்கியெடுத்து, உள்பள்ளங்களில் மின்சாரம் கசியாமலிருக்கக் காகிதம் வைத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி இறக்குவது மாமாவின் வேலை. வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, ஓட்டிப் பார்ப்பது வக்கீலின் வேலை. சுவிட்சைப் போடும் நேரத்தில் மாமா கண்ணை மூடிக்கொள்வார். மோட்டார் சீராக ஓடினால், “அவன் புண்ணியம்” என்பார்.

“காயில் கட்டினது நீங்க. கையெல்லாம் கிழிஞ்சது உங்களுக்கு. பேரு மட்டும் அவருக்கா? பழுதாகித் திரும்பி வந்தா மட்டும் ‘வக்கீல் வார்னிஷ் சரியா ஊத்தல’ன்னு சொல்றீங்க?”

“நல்ல பேரு அவனுக்கு, கெட்ட பேரு உனக்கு. எனக்கு ரொம்ப வசதியா இருக்கு மாப்ளே.”

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது வக்கீல் அரைக்கால் சட்டைப் பையன். அக்காதான் வளர்த்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, “தம்பியையும் சேர்த்துத்தான் கட்டிக்கணும்” என்று கறாராகச் சொல்லிவிட்டாள். மாமா சரியென்று தலையாட்டினார். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. வக்கீலும் கல்யாணம் என்றாலே நழுவினான். மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் காலம் தள்ளினார்கள்.

கடவுள்மேல் வக்கீலுக்குக் கோபமெல்லாம் கிடையாது. “தெரியாததைத் தெரியும்னு சொல்ல எனக்கு வாய் வரல, அவ்வளவுதான்” என்பான். அந்த ஒன்றில் மட்டுமில்லை, எதிலுமே அப்படித்தான். குழம்பு நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்வான். அக்கா கரண்டியை ஓங்குவாள். ஆனால் புதுப் புடவை வாங்கினால் முதலில் அவனிடம்தான் காட்டுவாள். சாப்பாட்டு நேரத்திலும் இரண்டு பேரும் கடவுளைப் பிடித்து இழுத்தால், “உங்களைப் பத்தி அவரு இவ்வளவு பேச மாட்டாரு, தட்டைக் கழுவி வைங்க” என்பாள். அவள் எந்தக் கட்சி என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது.

அவளுக்கு வயிற்றுவலி வந்தது. வாயு என்று நினைத்து வெந்நீர் குடித்தே ஓட்டினாள். கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டது என்று டாக்டர் இரண்டு ஆண்களையும் நடைபாதையில் நிறுத்திச் சொன்னார். “வலி தெரியாமப் பார்த்துக்கலாம்” என்றார். அதற்குமேல் அவர் சொல்லாததையும் இருவரும் புரிந்துகொண்டார்கள்.

அன்றோடு வாக்குவாதம் நின்றது. மாமா தினமும் மத்தியானம் வேண்டிக்கொள்ளப் போவார். அவர் திரும்பி வரும்வரை வக்கீல் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ‘போய் என்ன ஆகப்போகுது’ என்று ஒருநாளும் கேட்கவில்லை. நேரமாகிவிட்டால், “கிளம்புங்க மாமா, நான் பார்த்துக்கறேன்” என்று அவனே எழுப்பி அனுப்பினான்.

அப்படி ஒரு மத்தியானம், எதிர் மொட்டைமாடியில் காய்ந்த ஆஸ்பத்திரிப் போர்வைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் திருப்பினாள்.

“டேய், கதவைச் சாத்து.”

சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“ஒண்ணு கேப்பேன். மழுப்பாமச் சொல்லணும்.”

“கேளுக்கா.”

“செத்ததுக்கு அப்புறம் ஏதாவது இருக்கா?”

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?”

“இப்ப கேக்காம வேற எப்ப கேக்கறது? உங்க மாமா இருக்குங்கறாரு. எனக்காகச் சொல்றாரோ, தனக்காகச் சொல்றாரோ, யாரு கண்டா. நர்ஸ் பொண்ணு ‘நல்லாயிடுவீங்கம்மா’ங்குது. ஆளாளுக்கு என்னைக் குழந்தையாக்கிட்டாங்க. நீ ஒருத்தன்தான் என்கிட்ட பொய் சொன்னதே இல்ல. அதான் உன்னைக் கேக்கறேன்.”

அதற்கான பதிலை இத்தனை வருஷமாக அவன் தீட்டித் தீட்டி வைத்திருந்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வான். ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. அம்மா போன அன்றைக்குக்கூட அவனைப் பிடித்து உட்காரவைத்துச் சோறு ஊட்டியவள் அவள். அவள் கண்ணில் பயத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை. இப்போது அதில் பயத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

“இருக்குக்கா” என்றான்.

“நீயா சொல்றே?”

“நான்தான் சொல்றேன். கடையில மாமாவைச் சீண்டறதுக்குத்தான் அப்படியெல்லாம் பேசுவேன். உள்ளுக்குள்ள எனக்குத் தெரியும். இருக்கு. அம்மா இருப்பாங்க. அப்பா இருப்பாரு.”

“என் தலைமேல கை வச்சுச் சொல்லு.”

அவன் கையைத் தூக்கினான். நோயில் கொட்டியது போக மிச்சமிருந்த முடி, பறவைக் குஞ்சின் ரோமம்போலக் கையில் பட்டது. அவள் தலை காய்ச்சலில் கொதித்தது.

“சத்தியமா இருக்குக்கா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டாள். அப்புறம் அவனிடம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து கடை திறந்தார்கள். வீட்டில் இரண்டு ஆண்கள் மட்டும். ஒருவர் சோற்றைக் குழைத்துவிடுவார், இன்னொருவன் அடிப்பிடிக்க விட்டுவிடுவான். யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். அவளுடைய செருப்பு வாசலோரத்திலேயே கிடந்தது. எடுத்துவைக்க இருவருக்கும் கை வரவில்லை.

வக்கீலுக்கு வந்த தொல்லை வேறு மாதிரியானது. சின்ன வயதில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பயமுறுத்துவதுண்டு: பொய்ச் சத்தியம் பண்ணினால், யார் தலையில் கை வைத்தாயோ அவர்கள் செத்துப்போவார்கள் என்று. எப்போதோ மறந்துபோன அந்தப் பேச்சு இப்போது பல் தேய்க்கும்போது வந்தது, வார்னிஷ் ஊற்றும்போது வந்தது. ‘ஈரல் முழுக்கப் பரவியிருந்ததுடா’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். ‘அது சரி, ஆனா இன்னும் ஒரு மாசம் இருந்திருப்பாளோ?’ என்று உள்ளேயிருந்து ஒன்று கேட்கும். சத்தியத்தைக் கேட்டுவைக்க மேலே ஒருவன் இல்லையென்றால், பொய்ச் சத்தியத்துக்கு மட்டும் கூலி யார் கொடுப்பது? எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும், எதிர்க்கட்சி வக்கீல் இல்லாமலே வழக்கில் தினம் தோற்றான். யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், வக்கீலுக்கே பேய் பிடித்துவிட்டது என்பார்கள்.

மாமாவும் முன்போல இல்லை. மத்தியானம் வேண்டிக்கொள்ளப் போவதை நிறுத்திவிட்டார். “என்ன, கட்சி கலைஞ்சுபோச்சா?” என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார். இருவரும் தலை நிமிரவில்லை. அவரும் சங்கடப்பட்டுப் போய்விட்டார்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம், கடைக்கு ஈ காக்கை வரவில்லை. சுற்றிக்கொண்டிருந்த கம்பி மாமாவின் கையில் அறுந்தது. அவர் மறுபடி எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“மாப்ளே, நான்தான் அவளைக் கொன்னுட்டேன்.”

வக்கீலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்ன பேசறீங்க?”

“கடைசியில அவ வலியில கத்தினா பாரு, நீ மருந்து வாங்க ஓடினியே, அன்னிக்கு. என்னால தாங்க முடியல. போய் மண்டி போட்டேன். அதுவரைக்கும் ‘காப்பாத்து, காப்பாத்து’ன்னு கேட்டேன். அன்னிக்கு ‘போதும், எடுத்துக்கோ’ன்னு கேட்டுட்டேன். அத்தனை நாளு கேட்டது அவன் காதுல விழல. இது மட்டும் உடனே விழுந்துடுச்சு.” அறுந்த கம்பியை விரலில் சுற்றினார். “இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்கிட்ட போறது?”

“மாமா, உங்களுக்குப் பைத்தியமா? டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் நிக்க வச்சுச் சொன்னாரா இல்லையா? நீங்க கேட்டாலும் கேக்காட்டியும் அதான் நடந்திருக்கும். ஒரு வார்த்தை போய் உடம்புக்குள்ள என்ன பண்ணும்? வாயில வர்ற காத்து மாமா அது. காத்து போய் ஆளைக் கொல்லுமா?”

பழைய வேகத்தில் பேசிக்கொண்டே போனவன் சட்டென்று நின்றான். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

“நீ சொல்லிடுவே,” என்றார் மாமா. “உனக்கு இதெல்லாம் சுலபம்.”

“சுலபம் இல்ல மாமா.”

எல்லாவற்றையும் சொன்னான். கதவைச் சாத்தச் சொன்னது, அவள் கேட்டது, தலையில் கை வைத்தது. இரவும் பகலும் தன்னைத் தின்பது இதுதான் என்றும் சொன்னான். மாமா ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அவர் முகம் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டே வந்தது.

“அப்ப, அது பொய்யா?”

“பயந்துபோயிருந்தா மாமா. வேற என்ன சொல்றது?”

“அவ என்கிட்ட சொன்னா. ‘உங்க மாப்ளையே இருக்குன்னு சொல்லிட்டான்’னு.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கும்பிட முடியாமத் திரியறேனே, இத்தனை நாளா எதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? அதைத்தான். நாம ஆசையில நம்பறோம். வக்கீலுக்கு அந்த ஆசை கிடையாது. அவனே இருக்குன்னு சொல்றான்னா, ஏதோ இருக்கத்தான் செய்யும், அவ எங்கயோ நல்லபடியா இருப்பான்னு.” எழுந்தார். “அதையும் பிடுங்கிட்டியேடா.”

குடையை எடுக்காமலே மழையில் இறங்கிப் போனார்.

அதன்பிறகு சில நாள் அவர் கடைக்கு வரவில்லை. அறைக்குள்ளேயே கிடந்தார். வக்கீல் தட்டில் சோறு போட்டுக் கதவோரம் வைத்துவிட்டுக் கடைக்குப் போவான். திரும்பி வரும்போது பாதி தீர்ந்திருக்கும். கடையில் தனியாக உட்கார்ந்து, கம்பி சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மாமாவின் கைப்பக்குவம் வரவில்லை. உண்மையைப் பேசுகிறவன் என்று எவ்வளவு கர்வமாக இருந்தோம் என்று நினைத்துக்கொண்டான். அதுவரை அவன் சொன்ன உண்மைகள் யாரிடமிருந்தும் எதையும் பறித்ததில்லை. அதனால்தான் அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடிந்திருக்கிறது. அந்த மழை நாளில் இன்னொரு பொய் சொல்லியிருந்தால் மாமாவுக்கு அதுவாவது மிஞ்சியிருக்கும். அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டான்.

ஒரு காலையில் மாமா வந்தார். தாடி வளர்ந்திருந்தது. வக்கீல் சுற்றி வைத்திருந்த காயிலை எடுத்துப் பார்த்து, பிரித்துவிட்டுத் தானே சுற்ற ஆரம்பித்தார். பாதி சுற்றியதும் பேசினார்.

“அதைச் சொல்றப்போ அவ சிரிச்சா மாப்ளே.”

“எதை?”

“நீ இருக்குன்னு சொன்னதை. சந்தோஷத்துல சிரிக்கறான்னு நினைச்சேன். இப்ப யோசிச்சுப் பார்த்தா வேற மாதிரி இருக்கு. உன்னை வளர்த்தவ. நீ பொய் சொன்னா அவளுக்குத் தெரியாதா? கண்டுபிடிச்சிருப்பா. எனக்காக இவன் பொய்யெல்லாம் சொல்றானேன்னு சிரிச்சிருப்பா.”

“இல்ல மாமா. நம்பினா.”

“நான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.”

“நான் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடினதும் புருவத்துல இருந்த சுளிப்பு போயிடுச்சு. நம்பித்தான் தூங்கினா.” அவன் குரல் உயர்ந்தது. கண்டுபிடித்திருந்தால், அந்தப் பயத்தோடு தனியாகத்தான் போயிருப்பாள். தம்பி மனசு நோகக் கூடாதென்று தூங்குவதுபோலக் கிடந்திருப்பாள். அதை நினைக்கவே அவனால் முடியவில்லை. “நம்பினா மாமா. எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்வியை வழக்கமாகக் கேட்பவன் அவன்.

“நம்பியிருக்கணும்னு உனக்கு ஆசை,” என்றார் மாமா. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. “எனக்கும் அந்த ஆசையைத் தவிர வேற ஒண்ணும் இல்ல மாப்ளே. அவ்வளவுதான் எப்பவுமே இருந்துச்சு.”

வக்கீல் அழுதான். அவளை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அழாதவன், வார்னிஷ் பிசுக்குக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு யாரோ வாசலில் வந்து நின்றார்கள். “நாளைக்கு வாங்க” என்று மாமா அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகில் கை வைக்கவில்லை. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

பிறகு மாமா பழையபடி மத்தியானத்தில் கும்பிடப் போக ஆரம்பித்தார். ஆனால் எதையும் வேண்டுவதில்லை. “கேக்கப் பயமா இருக்கு. சும்மா உக்காந்துட்டு வர்றேன்” என்பார். வக்கீல் சில நாள் கூடவே நடந்துபோய், வெளியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். உள்ளே வாயேன் என்று அவர் கூப்பிட்டதில்லை. இவனும் போனதில்லை. நம்பிக்கை அவனுக்கு வரவில்லை. அந்தப் பொய்ச் சத்தியத்தின் பயமும் அவனை விட்டுப் போகவில்லை.