ஒரே வீட்டுக்காரர்கள்

கோயில் வாசலில் காய்ச்சல் பார்ப்பவன் நான். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. நெற்றிக்கு நேராகப் பிடித்து அழுத்தினால் கீச்சென்று சத்தம் வரும். பச்சை எரிந்தால் உள்ளே. சிவப்பு எரிந்தால் வீட்டுக்கு.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். அதனால் பெஞ்சுகளை அளந்து மஞ்சள் டேப் ஒட்டும் வேலையும் என்னிடமே வந்தது. ஒரு பெஞ்ச் விட்டு ஒரு பெஞ்ச். பெஞ்சின் முனைக்கு ஒருவர். ஒரே வீட்டுக்காரர்கள் மட்டும் சேர்ந்து உட்காரலாம். பூசையில் சாமியார் தரும் நற்கருணை அப்பத்தைக் கையில்தான் வாங்க வேண்டும். வாங்கியபின் நகர்ந்து நின்று மாஸ்க்கை இறக்கலாம். தீர்த்தத் தொட்டியைக் காயவைத்து அதில் சானிடைசர் பாட்டிலை வைத்திருந்தோம். பழக்கதோஷத்தில் சிலர் சானிடைசரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"நல்லதுதான். பேயும் ஓடும், கிருமியும் ஓடும்" என்பார் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, எல்லோரையும் கேலி செய்வது அவர் வேலை.

வாசல் வேலையை நான் கேட்டு வாங்கினேன். என் மனைவி போன பிறகு.

அவள் பாடுவாள். முன்பு பாடகர் மாடியில் ஒரு கூட்டமே நிற்கும். கோயிலைத் திரும்பத் திறந்தபோது மாடியில் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கீபோர்டுக்கு மாஸ்டர். பாட்டுக்கு அவள். மாஸ்டர் பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவளுக்குச் சின்ன வயதிலேயே பாட்டு சொல்லிக்கொடுத்தவர். மைக்குக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அவள் மாஸ்க்கைக் கழற்றுவாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு வந்து, தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். பாடினால் கட்டத்தானே செய்யும் என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை மாஸ்டருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. புதன்கிழமை அவள் உடம்பு கொதித்தது. மாஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வெளியே வந்தார். அவள் வரவில்லை.

அவரிடமிருந்துதான் அவளுக்கு. இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது?

மாஸ்டரும் அதே கணக்கைத்தான் போட்டார். ஒருநாள் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நான் ஜன்னலைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அவர் மாடிக்குப் போகவில்லை. கோயிலுக்குள்ளும் வரவில்லை. ஞாயிறுதோறும் முற்றத்தில் ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் நின்று பூசை கேட்டுவிட்டுப் போவார். உள்ளே பாட்டில்லாமலே பூசை நடந்தது.

முதலாண்டு நினைவுப் பூசைக்கு முந்தைய நாள் சாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர் நாளைக்கு வாசிக்கணும்னு கேக்கிறார்பா."

"வேண்டாம் ஃபாதர்."

"ஒரே ஒரு பாட்டு. அவ பாடுறது. உன்கிட்ட நேரா கேக்க பயப்படுறார்."

"வேண்டாம்."

"அவரும் செத்துத்தான் போயிட்டார், ஒரு வகையில."

"நிக்கிறாரே, ஃபாதர். நல்லாத்தான் நிக்கிறார்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் மனைவி பூசை. நீ சொல்றதுதான். ஆனா காலையில மணி அடிக்கிற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்."

வீட்டில் அத்தையிடம் சொன்னேன். அத்தை என் மனைவியின் அம்மா. கல்யாணமான நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

"நல்லா சொன்னீங்க மாப்பிள்ளை" என்றார். "என் மக பூசையில அந்தாளு கைய வச்சா, நான் எழுந்து வெளிய போயிடுவேன். சாமியாரே சொன்னா எனக்கென்ன?"

மறுநாள் நான் சீக்கிரமே போய்விட்டேன். குளிர். பெஞ்சுகளைத் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து, நுழையும் கதவையும் வெளியேறும் கதவையும் பிரித்துக் கயிறு கட்டினேன். மாஸ்டர் ஏற்கெனவே கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கோட்டுப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார்.

"துப்பாக்கி, ரெடியா?" என்றார் கோயில்பிள்ளை. எனக்கு அவர் வைத்த பெயர். "எங்க, முதல்ல என்னைச் சுடு."

பச்சை.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பச்சை. பச்சை. மூக்குக்குக் கீழே மாஸ்க் போட்டவரை ஏற்றிவிடச் சொன்னேன். "மூச்சு முட்டுது தம்பி" என்றார். "முட்டினா வெளிய நின்னு கேளுங்க, காத்தோட்டமா இருக்கும்" என்றேன். ஏற்றிவிட்டார்.

அத்தை கொஞ்சம் தாமதமாக வந்தார். கறுப்புச் சேலை. கையில் மகளின் ஜெபமாலை. நெற்றிக்கு நேராகப் பிடித்தேன். பச்சை.

அவர் உள்ளே போகக் காலெடுத்து வைத்தார். அப்போதுதான் பார்த்தேன். நெற்றியோர முடி நனைந்து ஒட்டியிருந்தது. கழுத்தில் வேர்வை. மாஸ்க்கின் மேல்விளிம்பு ஈரம். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

அந்த வேர்வையை எனக்குத் தெரியும். காய்ச்சல் மாத்திரை வேலை செய்து சூடு இறங்கும்போது என் மனைவிக்கு அப்படித்தான் வேர்க்கும். அவள் தலையணை உறையை மாற்றி மாற்றிப் போட்டவன் நான்.

"அத்தை, நில்லுங்க."

"என்ன மாப்பிள்ளை, அதான் பச்சை வந்துடுச்சே."

"மாத்திரை போட்டீங்களா?"

அவர் ஜெபமாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"ஒண்ணே ஒண்ணு. ராத்திரி கொஞ்சம் குளிரிச்சு, அவ்வளவுதான்."

"உள்ள போக முடியாது."

"என்னது?"

"காய்ச்சலோட உள்ள போகக்கூடாது அத்தை. வீட்டுக்குப் போலாம். டெஸ்ட் எடுக்கணும்."

"என் மக பூசைக்கு நான் போகக்கூடாதா? நீங்க யாரு, பேதுருவா? மோட்சத்துச் சாவி உங்க கையிலயா இருக்கு?"

பின்னால் நின்ற இரண்டு பேர் தள்ளி நின்றார்கள். கோயில்பிள்ளை வேறு பக்கம் பார்த்தார்.

"அத்தை, உள்ள வயசானவங்க இருக்காங்க."

"ஊர்ல யாரு மாத்திரை போடாம வர்றா? கேட்டுப் பாருங்க. ஒரு மாத்திரைக்கு இந்தக் கூத்தா?" அவர் குரல் உயர்ந்தது. "அன்னிக்கு அவளும் இப்படித்தான், காலையில எழுந்து உடம்பு சுடுதும்மான்னா. நீ போகலைன்னா பாட்டு யாரு பாடுறது, பூசை மொட்டையா நிக்கும்னு நான்தான் ஒரு மாத்திரைய குடுத்து அனுப்பினேன். என்ன ஆச்சு? போனா, பாடினா, வந்தா. அன்னிக்குப் பாடினது மாதிரி அவ என்னைக்குமே பாடினதில்லைன்னு சாமியாரே சொன்னார்!"

நான் கேட்டேன்.

"என்னைக்கு?"

"அதான், கடைசியா பாடின அன்னிக்கு. அந்த ஞாயித்துக்கிழமை."

அவர் தன் வாதத்தில் ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தார்.

என் விரல் தானாக அழுத்தியது. கருவி சுவரைப் பார்த்திருந்தது. சுவருக்கும் பச்சை.

இந்த ஒரு வருடத்தில் எத்தனை பச்சைகள். நான் எதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்?

ஞாயிறு காலையிலேயே அவளுக்குச் சுட்டிருக்கிறது. மாஸ்டருக்குச் செவ்வாய். அந்தக் குறுகலான மாடி. மைக்குக்கு முன்னால் கழற்றிய மாஸ்க். பக்கத்தில் ஸ்டூலில் மாஸ்டர்.

காலுக்குக் கீழே தரை இருப்பது தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

"மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்லை அத்தை. வாங்க, முற்றத்துல உக்காருங்க. அங்க கேக்கும்."

அவர் திட்டிக்கொண்டேதான் வந்தார். சுவரோரம் தனியாக ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பிறகு இன்னொன்று உறைத்தது. அவருக்குக் காய்ச்சல் என்றால் நானும் உள்ளே போகக்கூடாது. ஒரே வீடு. கருவியைச் சானிடைசரால் துடைத்து, படியில் வைத்துவிட்டு விலகினேன்.

"நீங்க எடுத்துக்கங்க" என்றேன் கோயில்பிள்ளையிடம். "பச்சை வந்தாலும் ஒரு வார்த்தை கேளுங்க. மாத்திரை போட்டீங்களான்னு."

அவர் கேலி எதுவும் செய்யவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டர் கம்பத்தடியில் இருந்தார். நான் தள்ளி நின்றேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் முதல் வார்த்தை.

"கிட்ட வராதீங்க மாஸ்டர். வீட்ல காய்ச்சல்."

அவர் தலையை ஆட்டினார். தன்னை ஒதுக்குவதற்கு நான் சொல்லும் சாக்கு என்று நினைத்திருப்பார். "நான் போயிடுறேன்" என்றார். "இன்னிக்கு மட்டும் இருந்துட்டுப் போலாம்னு பார்த்தேன்."

"மாடிக்குப் போங்க. வாசிங்க."

அவர் என்னைப் பார்த்தார். கண்கள் மட்டும்தானே தெரியும். அவை சந்தோஷப்படவில்லை. பயந்தன.

"என்னாலதான்னு உனக்குத் தெரியும்லப்பா?"

"உங்களால இல்ல."

"எனக்குத்தான் முதல்ல வந்துச்சு."

"இல்ல மாஸ்டர். அவளுக்கு. ஞாயித்துக்கிழமை காலையிலேயே சுட்டிருக்கு. மாத்திரை போட்டுட்டு வந்து பாடியிருக்கா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து இருமினார். அந்த இருமல் அவருக்கு இனி போகாது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அப்போது அதைக் கேட்டு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"பொண்ணு என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் கடைசியில். "சொல்லியிருந்தா நானே பாடியிருப்பேனே. கழுதைக் குரல்னாலும்."

பிறகு அத்தை பக்கம் பார்த்தார். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"மாத்திரை குடுத்தது அவங்கதான். அதால என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க."

மணி அடித்தது. மணிக்கயிற்றை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து கோயில்பிள்ளை கருவியை நீட்டினார். மாஸ்டர் நெற்றியைக் காட்டினார். கேள்விக்குப் பதில் சொன்னார். உள்ளே போனார். மாடிப்படி ஏற அவருக்கு நேரமாகும்.

நான் அத்தைக்கு எட்டத்தில் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சாமியாரின் குரல் கேட்டது. என் மனைவியின் பெயரைச் சொல்லி, அவள் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்றார். பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அவர் மாடியை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்திருப்பார்.

கீபோர்டு ஆரம்பித்தது.

அத்தை நிமிர்ந்தார். "யாரு வாசிக்கிறது?"

"மாஸ்டர்."

"நீங்களா விட்டீங்க?"

"ஆமா."

"எழுந்து போயிடுவேன்னு சொன்னேன்ல?"

ஆனால் எழுந்திருக்கவில்லை. அவள் வழக்கமாகப் பாடும் பாட்டு. மாஸ்டர் மெட்டை வாசிக்கவில்லை. அதற்கு அடியில் போகும் சுரங்களை மட்டும் வாசித்தார். அவள் வரவேண்டிய இடமெல்லாம் காலியாக வந்து காலியாகப் போயிற்று.

"இங்க மூச்சு எடுப்பா" என்றார் அத்தை. கொஞ்சம் கழித்து, "இங்க கண்ண மூடிக்குவா."

ஜெபமாலை அவர் மடியில் கிடந்தது. பாட்டு முடிவதற்குள் அவர் கேட்டார்.

"அந்தாள ஏன் விட்டீங்க மாப்பிள்ளை?"

நான் ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பார்த்தேன்.

"அந்தாளுக்கு எப்ப காய்ச்சல் வந்துச்சு?"

"ஞாபகம் இல்லை அத்தை."

"செவ்வாய்க்கிழமை" என்றார். "நான்தானே தெரு முழுக்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அவனுக்கு, புதன்கிழமை என் மகளுக்குன்னு."

கைப்பையைத் திறந்தார். ஏதோ தேடினார். மாத்திரை அட்டையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். வெள்ளி உறை கிழிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். அழவில்லை. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. சற்று முன் வாசலில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"மாப்பிள்ளை, நான்..." என்று ஆரம்பித்தார்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"தள்ளி உக்காருங்க" என்றார், என்னைப் பார்க்காமலே. "எனக்குக் காய்ச்சல்."

"ஒரே வீட்டுக்காரங்க சேர்ந்து உக்காரலாம் அத்தை" என்றேன். "வாசல்ல எழுதி ஒட்டியிருக்கு."

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மேலே மாஸ்டர் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்.