பெரட்டில் வராத பெயர்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் சுகமாயிருக்கும் பெண்களிடம் ரத்தம் எடுக்கப் போன கம்சலாவுக்கு முதலில் கை நீட்டியது பூவம்மா அத்தைதான். தாயில்லாதவளுக்குச் சோறூட்டி, படிக்கவைத்து, ஆய்வுகூட உத்தியோகம்வரை கொண்டுவந்து விட்டவள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் ஒரு நொதியம் மிதமிஞ்சி வேலை செய்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும்.

“மார்ல கட்டி கிட்டி ஏதும் இருக்கா அத்தை?”

“அடப் போடி, எனக்கென்ன வந்துச்சு!”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கம்சலா என்ன கண்டாள்? ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டாள்.

குழாய்களில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்; பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. சுகமானவர்கள் வரிசையில் நாற்பத்தேழாம் இலக்கத்தின் நொதியம் மட்டும் தறிகெட்டு ஏறி நின்றது. மறுபடி செய்து பார்த்தாள், அதேதான். “ரத்தம் வர்ற வழியில கெட்டுப்போயிருக்கும், விட்டுருங்க” என்றார் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டாக்டர். இந்த நொதியத்தை மட்டும் நம்பி யாருக்கும் நோயென்று சொல்ல முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து அத்தை பதுளை ஆஸ்பத்திரியில் வாட்டுக் கட்டிலில் கிடந்தாள். மாரில் புண் வெடித்து, நோய் ஈரல்வரை பரவியிருந்தது.

“அப்பவே கட்டி இருந்துச்சு கம்சலா. ஆம்பள டாக்டர்கிட்ட எப்புடித் தொறந்து காட்டுறது? ரத்தத்துல தெரிஞ்சிரும், சொல்லிருவீங்கன்னுதான் கைய நீட்டினேன்.”

தோட்டத்தில் அப்படித்தான். ரத்தத்தில் சீனி கண்டாலும் கொழுப்புக் கண்டாலும் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து துண்டுச் சீட்டு வரும். காலையில் வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடவில்லையென்றால் உடம்பில் ஒன்றுமில்லை. அத்தை தினமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பெயர் வராத ஒவ்வொரு நாளும் சந்தோஷமாகக் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறாள்.

கம்சலா ஆய்வுகூடத்துக்கு ஓடிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். நாற்பத்தேழு, பூவம்மா. அடிப்பதற்கு முன் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதுமே! பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் அத்தை கேட்டாள்: “அந்த ரத்தத்துல ஏதும் தெரிஞ்சிச்சா புள்ள?”

“இல்ல அத்தை. ஒன்னும் தெரியல.”

அத்தையின் முகம் தெளிந்தது. பக்கத்துக் கட்டில்காரியின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

“நான் சொன்னேன்ல? எங்க புள்ள கண்ணுல பட்டிருந்தா என்னைய விட்டிருக்குமா?”